புனிதமும் புனைவும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியம் கண்ட எல்லை

மறைநூல் மாந்தரைக் கதைமாந்தராக்கும் புலவன் எதைப் புனையலாம், எதைத் தொடலாகாது? இவ்வினா கிறித்தவருக்கு மட்டும் உரியதன்று. ஈசா நபி (அலை) அவர்களையும் மர்யம் (அலை) அவர்களையும் போற்றும் நமக்கும் உரியதே.

கிரேக்க நாவலாசிரியர் கசந்த்சாகிஸ் இயேசுவின் உள்ளத்திற்குள்ளேயே புகுந்து அவர்தம் இறுதிச் சோதனையைப் புனைந்தார். 1954இல் வத்திக்கான் அந்நாவலைத் தடைநூற் பட்டியலில் சேர்த்தது. தமிழில் இவ்வழியை முன்னோடிகள் நாடவில்லை.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி 3615 பாடல்களைக் கொண்டது. அதன் தலைவர் இயேசு அல்லர். வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். இத்தேர்விலேயே முனிவரின் நுண்மதி விளங்குகின்றது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசை பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. மறை மௌனம் காத்த இடமே புலவனுக்கு வாய்த்த இடம். அவரை 'வளன்' என்று தமிழாக்கி, யூதேயாவைத் தமிழ்நாட்டு வளத்தோடு பாடினார். உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் அரபு மண்ணில் நெல் விளைவித்தார் அல்லரோ? காவிரிக்கரையில் வாழும் நாம் அதனைப் பொய்யென்று கொள்வதில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் பாடிய பெத்லகேம் குறவஞ்சியோ இதனினும் துணிவானது. (குறவஞ்சி என்றதும் நினைவில் எழும் குற்றாலம் வேறு, நம் குத்தாலம் வேறு.) உலா வரும் தலைவன்மேல் காதலுற்றுத் தலைவி வாடுவதும், குறத்தி குறி சொல்வதும் குறவஞ்சியின் இலக்கணம். காமச்சுவை ததும்பும் இவ்வடிவில் கிறிஸ்துவைத் தலைவனாக்குவது கத்திமுனையில் நடப்பதன்றோ? சாஸ்திரியார் தேவமோகினி என்னும் தலைவியைத் திருச்சபையாக்கினார். திருச்சபை கிறிஸ்துவின் மணமகள் என்னும் உருவகம் புதிய ஏற்பாட்டிலேயே உண்டு. பறவை பிடிக்கும் சிங்கன் மறைபரப்பும் குருவானான். இயேசு மீனவரை மனிதரைப் பிடிக்க அழைத்த செய்தி அதற்கு அரணாயிற்று. வடிவம் தமிழ் தந்தது. இசைவு மறை தந்தது. தேம்பாவணியை வியக்கும் ஆய்வாளர் பலர் இந்நூலைச் சிற்றிலக்கியமென ஒதுக்கிவிடுவது நமக்கு உடன்பாடன்று.

மூன்றாவது வழியொன்றை நம் அண்டையூராகிய மாயூரத்திலேயே காண்கிறோம். அங்கே முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டவர், கிறிஸ்துவை அதில் கதைமாந்தராக்கவில்லை. தம் இறைப்பற்றை 1878இல் வந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் பாடி வைத்தார். கதைக்கு ஞானாம்பாளின் அறிவும் பிரதாபனின் வேடிக்கையும் போதுமாயின.