புழுங்கல் அரிசி சொன்ன பாடம்



கடைத்தெருவில் மருந்து விற்பவர், "இந்தத் தைலத்தைத் தேய்த்துப் பத்துப் பேருக்கு முட்டிவலி போய்விட்டது" என்கிறார். உடனே நாம் பணத்தை எடுத்துவிடலாமா? தேய்த்தும் வலி போகாதவர் எத்தனை பேர்? தேய்க்காமலே வலி போனவர் எத்தனை பேர்? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்தவருக்கு ஆராய்ச்சி முறையின் முதற்பாடம் வந்துவிட்டது எனலாம். உளவியல் படிக்கும் மாணவர்களும் தொடக்கத்தில் கற்பது இதைத்தான். இதை விளக்க நம் நாட்டில் நடந்த ஒரு சோதனையையே பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் பல உயிர்களைக் குடித்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களை அது வாட்டியது. தமிழர்களிடம் அரிதாகவே தோன்றியது. காரணம் என்ன? பிறப்பா, இருப்பிடமா, கிருமியா?

டாக்டர் பிராடன் என்பவர் சோற்றைச் சுட்டிக்காட்டினார். சீனர் உண்டது நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. ஆனால் இரு சாராரும் வேலையிலும் குடியிருப்பிலும் கறியிலும் கூட வேறுபட்டவர்கள் அல்லவா? ஆகவே இதை மட்டும் வைத்து அரிசியைக் குற்றவாளி ஆக்க முடியாது.

1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு வழி கண்டார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரருக்கு ஒரு பகுதி, பச்சரிசிச் சோறு. இரட்டைப்படை எண்காரருக்கு மறுபகுதி, புழுங்கல் அரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் ஒன்றே. "இவர் பலசாலி, அவர் நோஞ்சான்" என்று ஆள் பார்த்துப் பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற ஐயம் தீர, சோதனையின் நடுவில் இரு சாராரையும் இடம் மாற்றினார். அரிசியை மாற்றவில்லை.

முடிவு என்ன? பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை.

"தற்செயலாக இருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்! இங்கேதான் புள்ளியியல் துணைக்கு வருகிறது. இரு சாராரின் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமம். அரிசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்றால் ஒவ்வொரு சாவும் எந்தப் பக்கமும் விழலாம், சுண்டிய காசைப் போல. 18 முறை சுண்டி 18 முறையும் தலையே விழ வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. அதை நம்புவதைவிட, அரிசியில் காரணம் உண்டு என்பதே அறிவுக்குப் பொருந்தும்.

பின்னாளில் உண்மை தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலில் உள்ள 'பி1' உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பச்சையாகக் குத்தித் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடுகிறது. தமிழரைக் காத்தது அவர்களின் இரத்தம் அன்று, அவித்த நெல்லே.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 18 பேரும் மனிதர்கள். இன்று மருத்துவத்திலும் உளவியலிலும் ஒருவரைச் சோதனையில் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டும். அவரால் தர இயலாவிட்டால் அவருக்காகப் பொறுப்பேற்பவரின் சம்மதம் வேண்டும். தீங்கு தெளிவானால் சோதனையை நிறுத்த வேண்டும்.

ஆகவே, நேயர்களே, யாராவது "இதனால்தான் அது" என்று அடித்துச் சொன்னால் மூன்று கேள்விகள் கேட்போம். எதனோடு ஒப்பிட்டீர்கள்? எப்படிப் பிரித்தீர்கள்? எல்லாரையும் எண்ணினீர்களா? நம் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குவோம். பணமும் மிஞ்சும், சில வேளை உயிரும் மிஞ்சும்.