கொழுப்பு எங்கே போகிறது? – உயிரணுவுக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு



வளர்சிதை மாற்றம் பற்றிப் பேசும்போது மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "ஒருத்தர் 10 கிலோ கொழுப்பைக் குறைச்சிட்டார். அந்த 10 கிலோ எங்கே போச்சு?"

"வேர்வையா போச்சு சார்", "மலத்துல போச்சு", "சக்தியா மாறிடுச்சு டீச்சர்" என்று பதில்கள் வரும். மூன்றாவது பதில்தான் சரி என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்கள் ஆகியோரிடம் இதைக் கேட்டு, 2014ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அதையேதான் சொன்னார்கள்.

ஆனால், வேதிவினையில் அணுக்கள் காணாமல் போவதில்லை. கூட்டணி மட்டும் மாறும். கணக்கைப் பாருங்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிய ஏறத்தாழ 29 கிலோ உயிர்வளி தேவை. கிடைப்பது 28 கிலோ கரிவளியும் 11 கிலோ நீரும். இரு பக்கமும் 39 கிலோ. அந்த 10 கிலோவில் 8.4 கிலோ கரிவளியாக மூச்சில் வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோ நீராகிச் சிறுநீர், வியர்வை, மூச்சு வழியாகப் போகிறது.

"அப்போ வேகமா மூச்சு விட்டா இளைச்சிடலாமா?" என்று ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான். முடியாது. கரிவளி உருவாவது உயிரணுவுக்குள். நுரையீரல் அதை வெளியே அனுப்பும் வாசல் மட்டுமே. உயிரணு கூடுதலாக வேலை செய்தால்தான் கரிவளி கூடுதலாக உருவாகும்.

உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது?

'வளர்சிதை' என்ற சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. உணவைச் சிதைத்துச் சக்தி எடுப்பது ஒரு பாதி. அந்தச் சக்தியைக் கொண்டு தசை, தோல், நொதி என உடலை வளர்ப்பது மறு பாதி. இரண்டும் ஒவ்வோர் உயிரணுவிலும் ஓயாமல் நடக்கின்றன.

நாம் சாப்பிடும் சோறு குடலில் குளுக்கோஸாக மாறி, இரத்தம் வழியாக உயிரணுவை அடைகிறது. அங்கே நொதிகள் அதைப் பத்துப் படிகளில் இரண்டாக உடைக்கின்றன. இதற்கு உயிர்வளி தேவையில்லை. அடுத்த வேலை மைட்டோகாண்ட்ரியாவில். அங்கே கரிமம் முழுவதும் கரிவளியாகப் பிரிகிறது. இந்தச் சுழற்சியை 1937இல் விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸ், 1953இல் நோபல் பரிசு பெற்றார். கடைசிப் படியில்தான் நாம் இழுத்த உயிர்வளி நீராக மாறுகிறது.

ஏன் இத்தனை படிகள்? இப்படிச் சொல்லுங்கள்: "கையில 50 வெள்ளி நோட்டு இருக்கு. கண்டீன்ல ஒரு வெள்ளிக்குப் பலகாரம் வாங்கணும். சில்லறை வேணும்ல?" குளுக்கோஸ் பெரிய நோட்டு, ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு சில்லறை. ஒரு குளுக்கோஸை மாற்றினால் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகிறது. நம் உடல் கதகதப்பாக இருப்பது அதனால்தான்.

இது ஏன் நம் பிள்ளைகளுக்கு முக்கியம்?

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ 'இனிப்பு நீர்' இருக்கும்.

இன்சுலின்தான் தசை, கொழுப்பு உயிரணுக்களின் கதவைக் குளுக்கோஸுக்குத் திறந்துவிடுகிறது. அது போதாமல் போனாலோ, உயிரணு அதன் சொல்லைக் கேட்காமல் போனாலோ, சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். இரத்தத்தில் நிறைய இருந்தும் உயிரணுவுக்குப் பட்டினி. "தாத்தா சாப்பிட்டும் ஏன் சோர்வா இருக்கார்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த விளக்கம் புரியும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலேயும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மருத்துவர் "நடங்க" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பில் செய்து பார்க்க

1. மூன்று போத்தல்களில் வெதுவெதுப்பான நீரும் ஈஸ்ட்டும் போடுங்கள். முதலாவதில் சர்க்கரை சேருங்கள். இரண்டாவதில் சேர்க்க வேண்டாம். மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறிய ஈஸ்ட்டும் சர்க்கரையும். வாயில் பலூன் மாட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து எது நன்றாக உப்புகிறது, ஏன் என்று மாணவர்களே சொல்லட்டும். உணவும் வேண்டும், உயிருள்ள உயிரணுவும் வேண்டும் என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள்.

2. தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதச் சொல்லுங்கள். பால் நிறமாக எத்தனை வினாடி ஆகிறது? திடலைச் சுற்றி ஓடி வந்த பிறகு மீண்டும் ஊதி, நேரத்தை ஒப்பிடுங்கள். கண்ணாடி அணிவது அவசியம். உறிஞ்சக் கூடாது என்பதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டும் முடிந்த பின், 10 கிலோ கேள்வியை மறுபடியும் கேளுங்கள். இந்த முறை பதிலை எழுத்தில் வாங்குங்கள். யாருக்குப் புரிந்தது, யாருக்கு இன்னும் விளக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.