அண்டை வீட்டுச் சத்தமும் ஆம்பூர்ப் பேரமும்

வேலூரில் நாங்கள் குடியிருக்கும் தெரு மிகவும் அமைதியான தெரு என்று சொல்லித்தான் வீட்டுச் சொந்தக்காரர் வாடகை பேசினார். அவர் பொய் சொல்லவில்லை. அப்போது அடுத்த வீடு காலியாக இருந்தது.

அங்கே ஒரு குடும்பம் குடிவந்து இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. விடியற்காலை நாலரை மணிக்கு அந்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் முழங்க ஆரம்பிக்கும். ஐந்து மணிக்குச் சுப்ரபாதம். அது சுவாமியை எழுப்புவதற்காகப் பாடப்படுவது என்று கேள்வி. எங்கள் தெருவிலோ நாய் முதற்கொண்டு எல்லாரும் எழுந்துவிடுகிறோம். ஆறு மணிக்கு மாவரைக்கும் யந்திரம். மாலையில் டெலிவிஷன் நாடகம். அழுகிறவள் மாமியாரா மருமகளா என்பதை எங்கள் கூடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். இரவு பத்து மணிக்குமேல் அந்த வீட்டுப் பிள்ளையாண்டான் சினிமாப் பாட்டு வைப்பான். பாட்டு நம் காதில் விழாது. அதிலுள்ள முரசு மட்டும் சுவர் வழியாக வந்து நெஞ்சில் இடிக்கும்.

பரீட்சைத் தாள் திருத்துகிறவனுக்கு இது எத்தகைய சோதனை என்பதைச் சக உபாத்தியாயர்கள் அறிவார்கள். ஒரு நாள் இரவு, 17 மார்க்கு வாங்கவேண்டிய மாணவன் ஒருவனுக்கு 71 போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தினால் லாபம் அடைந்தவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவனே.

படித்தவன் ஆகையால் முதலில் சட்டத்தைப் புரட்டினேன். 2000ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஒலி மாசு பற்றி விதிகள் செய்திருக்கிறது. அவற்றின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலுக்கும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் 45 டெசிபலுக்கும் மேல் சத்தம் இருக்கக்கூடாது. பத்து டெசிபல் வித்தியாசம் என்பது அற்பமல்ல. ஒலியின் சக்தி பத்து மடங்கு என்று அதற்குப் பொருள். 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் இதைப் பற்றி விரிவான தீர்ப்பு வழங்கியது. பேசுவதற்கு ஒருவனுக்கு உரிமை இருந்தால், கேட்க மறுப்பதற்கு மற்றவனுக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். செல்போனில் ஒலியளக்கும் கருவி ஒன்றை இறக்கி, ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். 68 காட்டியது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எதிராளி குற்றவாளி என்று நிரூபணம் ஆவதில் ஒரு தனி ஆனந்தம் இருக்கிறது.

ஆயினும் போலீஸ் நிலையத்துக்குப் போக மனம் வரவில்லை. பதிலுக்கு நாமும் சத்தம் செய்தால் என்ன என்று தோன்றிற்று. இந்த உபாயத்தை எனக்கு முன்பே ஒருவர் கையாண்டிருக்கிறார். 1893இல் லண்டனில், பிரிக்ஸ்டன் என்னும் பகுதியில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாளின் குடும்பம் இருந்தது. ஒட்டிய வீட்டில் செதுக்கு வேலை செய்யும் ஒருவர் இருந்தார். பாட்டும் பியானோவும் பொறுக்காமல், அவர் சுவரைத் தட்டியும், தாம்பாளத்தை மோதியும், சீழ்க்கை அடித்தும் பழி வாங்கினார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதி நார்த் துரை சங்கீதக்காரர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். சங்கீதம் நியாயமான காரியம். தாம்பாளமோ துன்புறுத்த வேண்டுமென்றே தட்டப்பட்டது என்பது காரணம். இதைப் படித்ததும், எடுத்து வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை மறுபடியும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

என் மனைவி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "போய் ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றாள். பேசுவதற்கு வேண்டிய தைரியம் எனக்கு இல்லை என்பதை அவள் அறிவாள். ஆகவே உடனே, "சரி, ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போகலாம். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது; குழந்தைகளுக்கு பூட்ஸ் வாங்க வேண்டும். ஒரு நாளாவது உங்கள் காது ஓயட்டும்" என்றாள்.

வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெங்களூர் ரஸ்தாவில் பஸ் ஏறினால் முதலில் பொய்கை வரும். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே பெரிய மாட்டுச் சந்தை கூடுகிறது. நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் பேரம் நடக்கும் விதமே அலாதி. தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான ரூபாய் ஒரு சொல்லும் இல்லாமல் கைமாறிவிடும். "சத்தமில்லாத பேரம்!" என்று நான் வியந்தேன். "அது மாட்டுக்குச் சரி, மனுஷருக்கு வாய்தான் வேண்டும்" என்றாள் என் மனைவி.

ஆம்பூரில் அதை நிரூபித்தும் காட்டினாள். அந்த ஊரில் தயாராகும் பூட்ஸுகளும் பாதரட்சைகளும் கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. ஏற்றுமதிக்குத் தேறாமல் கழிக்கப்பட்ட சரக்கைக் கடைக்காரர்கள் 'செகண்ட்ஸ்' என்கிறார்கள். எங்கேயோ ஒரு தையல் கோணல். எங்கேயோ ஒரு சாயத் திட்டு. ஐரோப்பியக் கால்களுக்கு ஆகாத அந்தக் குறை, நம் கண்களுக்கு லேசில் அகப்படுவதில்லை. ஆனால் என் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். கடைக்காரர் 1,800 ரூபாய் சொன்ன ஜோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, 700 என்றாள். கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு வாசற்படி வரையில் வந்துவிட்டாள். "அம்மா, வாங்க, வாங்க" என்று குரல் வந்தது. 950க்கு முடிந்தது. ஒரு மணி நேரத்தில் நாலு ஜோடி. போதாதற்குப் பாலிஷ் டப்பா ஒன்று இனாம். வீரத் திருமகள் வெற்றி வாகை சூடித் திரும்பும் கோலத்தில் பிரியாணிக் கடைக்குள் பிரவேசித்தாள். சீரகச் சம்பா அரிசியும் கத்தரிக்காய்த் தொக்கும் கலந்த அந்த அத்தியாயத்தை விவரித்தால் நேயர்கள் கட்டுரையை மூடிவிட்டு ஆம்பூருக்குக் கிளம்பிவிடுவார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

திரும்பும் வழியில், "இந்தப் பக்கம் தென்னந்தோப்பு நிறைய இருக்கிறதே, தோப்பிலேயே வாங்கினால் தேங்காய் மலிவாக இருக்கும்" என்று அவளுக்குத் தோன்றியது. பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இறங்கினோம். தோப்பு வாசலில் ஒரு பெரியவர் காய்களைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி ஒரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"ஏன் தாத்தா, காய் இவ்வளவு சிறிசா இருக்கு?"

"தண்ணி அப்படிம்மா."

இதற்குள் என் பையன் தாகத்துடன் மோட்டார்த் தொட்டியண்டை ஓடிவிட்டான். பெரியவர் பதறி எழுந்து, "தம்பி, அதைக் குடிக்காதேப்பா!" என்று கத்தினார். குடிசையிலிருந்து விலைக்கு வாங்கிய தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். நான் தொட்டித் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"எங்க அப்பா காலத்துல இந்தக் கெணத்துத் தண்ணிதான் சார் குடிச்சோம். நெல்லு போட்டோம், கரும்பு போட்டோம். அப்புறம் தோல் ஷாப்புத் தண்ணி ஆத்துல வந்துச்சு. ஆறு கெட்டுச்சு, கெணறும் கெட்டுப்போச்சு."

"அப்போதே நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையா?" என்றேன்.

"சத்தம் போட்டுக்கிட்டு வந்திருந்தா அன்னிக்கே சண்டை போட்டிருப்போம். அது மண்ணுக்குள்ளே இல்ல வந்துச்சு? தெரியறதுக்குள்ளே பத்து வருஷம் ஆயிடுச்சு."

அண்டை வீட்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த எனக்கு, சத்தமே செய்யாத அண்டை வீட்டுக்காரனைப் பற்றிய சேதி அங்கே கிடைத்தது.

தோல் பதனிடுவது தண்ணீரை ஆதாரமாகக் கொண்ட தொழில். உப்பிட்டு வரும் தோலை ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும், சுண்ணாம்பில் இட்டு மயிரைக் களைய வேண்டும், பிறகுதான் பதம். முற்காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோம் முறையைப் பரப்ப முயன்றார். சுதந்திரத்துக்குப் பிறகு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் குறைத்து, முழுவதும் முடித்த தோலையும் பாதரட்சையையுமே அனுப்புவது என்று 1970களில் சர்க்கார் கொள்கை வகுத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணியும், ஆயிரமாயிரம் பேருக்கு வேலையும் கிடைத்தன. குரோம் ரசாயனமும் பெருகியது. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. எங்கள் பையிலிருந்த நாலு ஜோடியில் தோல் மட்டும் இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டாலும், 70 லிட்டர் ஆகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று கடையில் என் மனைவியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் வேலூர்க்காரர்கள். வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. வக்கீல் எம். சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வந்தது. தோல் தொழில் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்னும் மதிப்பீட்டைத் தீர்ப்பு எடுத்துக் கூறியது. ஒவ்வொரு தோல் சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கெடுத்தவனே நஷ்டத்தைக் கொடுத்து, கெட்டதைச் சீர்செய்யவும் வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நிலைநாட்டியது. இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லாம் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அதனால் நம் ஜில்லாவின் பெயர் பிரபலம் ஆனதைப் பற்றிப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் ஏற்பாடுகளும் வந்தன. ஆனால் நஷ்டஈடு ஆமை நடையில் நடந்தது. 2001இல் சுமார் 29,000 குடும்பங்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் என்று தீர்மானித்தார்கள். பங்கிட்டுப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குப் பதினாயிரம்கூட வராது. அதிலும் நிலுவை இருந்ததால், 2025 ஜனவரி 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, பாக்கியை ஆறு வாரத்தில் கொடுக்கவும், பாலாற்றைக் கவனிக்க ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. பாலாற்றங்கரை ஊர்களுக்கு மேட்டூரிலிருந்து குழாய் வழியே காவிரி நீர் வருகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்!

"அப்படியானால் கம்பெனிகளை எல்லாம் மூடிவிட வேண்டியதுதானே, தாத்தா?" என்று கேட்டாள் என் பெண்.

"ஐயோ, மூடினா எப்படிம்மா? என் மருமக பூட்ஸ் கம்பெனிக்குத்தான் போவுது. அந்தச் சம்பளத்துலதான் வீட்டுல உலை கொதிக்குது. மூடச் சொல்லல, தண்ணியக் கெடுக்காம செய்யச் சொல்றோம், அவ்வளவுதான்."

கெடுக்காமல் செய்வதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவு ஜோட்டின் விலையில் சேர்ந்தே ஆக வேண்டும். அது சேராத வரையில், வாங்குகிறவன் கொடுக்காமல் விட்ட பணத்தை எங்கோ ஒரு கிணற்றுக்காரன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். காய் ஒன்றுக்குப் பெரியவர் 20 ரூபாய் சொன்னார். என் மனைவி பத்துக் காய் எடுத்துக்கொண்டு 200 ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். அன்று அவள் பேரம் பேசாமல் வாங்கிய சரக்கு அது ஒன்றுதான்.

வீடு திரும்பியதும் அவள் என் கையில் இரண்டு தேங்காயைக் கொடுத்து, "அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டு வாருங்கள்" என்றாள். இந்தத் தடவை மறுக்க முடியவில்லை.

அந்த வீட்டுப் பாட்டியம்மாள் அன்போடு நாற்காலி போட்டார். மெதுவாக மோட்டார் விஷயத்தை எடுத்தேன். "குழாயில் தண்ணி வர்றதே அந்த நேரந்தான் சார். அரை மணி விட்டா அன்னிக்குப் பூரா தண்ணி இல்லை" என்றார். பேரனின் பாட்டைப் பற்றிச் சொன்னேன். "உங்களுக்குக் கேக்குதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதே!" என்று கூப்பிட்டுக் கண்டித்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "பத்து மணிக்கு மேலே வைக்கமாட்டேன் சார்" என்றான்.

எழுந்திருக்கும்போதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பளவு வரை சுண்ணாம்பு உதிர்ந்து, பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் எங்கள் குளியலறை.

"எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது, பாட்டியம்மா?"

"நாங்க வந்ததிலேருந்தே. நீங்க வாத்தியாரு, எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டோம்."

ஒன்றரை வருஷமாக நான் டெசிபல் அளந்துகொண்டிருந்தேன்; அவர்கள் என் கழிவு நீரைச் சுவரில் தாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருந்திருக்கிறார்கள். மறுவாரம் குழாய்க்காரரும் கொத்தனாரும் வந்தார்கள். எங்கள் பக்கத்துக் குழாயும் அவர்கள் பக்கத்துப் பூச்சுமாகச் சேர்ந்து 4,300 ரூபாய் ஆயிற்று. பாதி தருவதாக அடுத்த வீட்டார் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆம்பூரில் மிச்சம் பிடித்ததும், அதற்கு மேலும் இதில் போய்விட்டது என்று என் மனைவி கணக்குச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

நாலரை மணி மோட்டார் இன்னும் ஓடுகிறது. இப்போதெல்லாம் அது ஓடாத அன்று நானே எழுந்துபோய், தண்ணீர் வந்ததா என்று விசாரிக்கிறேன்.