பொருநைக் கரையின் வெண்கலம்

தேவதானம் முதலிய ஊர்களின் கோயில் மணியோசை வயல்களைக் கடந்தும் கேட்கும். அவ்வோசையைத் தருவது வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் சேர்த்து உருக்கிய கலப்பு உலோகமே அது. செம்பு மென்மையானது, வெள்ளீயமோ அதனினும் மென்மையானது. மென்மையான இரண்டும் கூடியவிடத்து வன்மை பிறப்பது வியப்பன்றோ? ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. நூற்றுக்கு 10 பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை அடித்து நீட்டலாம். 20 பங்கிற்கு மேற்பட்டால், ஆறிய நிலையில் ஓங்கி அடித்தவுடன் அது உடைந்து சிதறும்.

உடையும் இயல்புடைய அவ்வுலோகத்தையே மெல்லிய கிண்ணங்களாக அடித்தெடுத்த கைவினைஞர் பண்டைத் தமிழகத்தில் இருந்தனர். தேவதானத்திற்குத் தென்கிழக்கே, தூத்துக்குடி மாவட்டத்தில், பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். அங்கே 1876இல் செர்மானியரான யாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் இரீயும் அகழ்ந்தனர். முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பொருள்கள் பல வெளிப்பட்டன. பறவையும் எருமையும் நிற்கும் மூடிகளே காண்போர் கண்ணைக் கவர்வன. எனினும், அணி ஒன்றுமில்லாத மெல்லிய கிண்ணங்களில்தான் அரிய தொழில்நுட்பம் அடங்கியுள்ளது. உலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்தபோது, இவ்வகைக் கலங்களில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மிகுதியாக இருப்பது புலனாயிற்று.

அவை உடையாமல் உருப்பெற்றது எங்ஙனம்? உருக்கி வார்த்த வட்டைக் கைவினைஞர் செந்நிறமாகும்வரை உலையிற் காய்ச்சினர். அந்நிலையில் மட்டும் அது சம்மட்டிக்கு வளைந்து கொடுக்கும். நிறம் மங்கினால் அடியை நிறுத்தி மீண்டும் உலையில் இட வேண்டும். சூடு மிகுந்தாலோ உலோகம் இளகிக் கெட்டுவிடும். வெப்பமானி இல்லாத அக்காலத்தில் கண்ணே அளவுகோல். ஒரு நொடி தவறினும் பல நாழிகை உழைப்பு வீணாகும். உரு நிறைந்ததும் கிண்ணத்தைச் செஞ்சூட்டோடு நீரில் அமிழ்த்துவர். எஃகை அவ்வாறு தோய்த்தால் அது கடினமாகி நொறுங்கும் இயல்பை அடையும். இவ்வெண்கலமோ அதற்கு மாறாக நொறுங்கும் இயல்பு குறைந்து உறுதி பெறும். தானே ஆறவிட்டால், உள்ளே நொறுங்கும் படிகங்கள் தோன்றிவிடும்.

கடல் கடந்த கொரியாவிலும் இம்முறை உண்டு. அந்நாட்டார் 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்து, பலர் சூழ்ந்து நின்று முறைவைத்து அடித்துச் சோற்றுக் கலங்களும் இசைத் தாளங்களும் செய்வர். அக்கலத்தை ‘பாங்சா’ என்பர். நாடு வேறாயினும் உலோகத்தின் இயல்பு ஒன்றே.

நன்கு அமைந்த கிண்ணத்தை விரலால் சுண்டினால் ஓசை நெடிது நிற்கும். கீறல் விழுந்தது மந்தமாக ஒலித்து உடனே அடங்கும். வெண்கலக் கலம் வாங்குவோர் தட்டிப் பார்ப்பது இதனாலேயே.