சிவப்பு விளக்கு சொல்லும் செய்தி

குளிர்காலக் காலைப்பொழுது. பழைய மகிழுந்து ஒன்றில் அமர்ந்து அதன் உரிமையாளர் சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஓர் ஒலி எழுகிறது, எஞ்சின் அசையவில்லை. "பேட்டரி போய்விட்டது" என்று முடிவு செய்து, கடையில் புதியது ஒன்றை வாங்கிப் பொருத்துகிறார். வண்டி ஓடுகிறது. பத்து நாள்கள் கழித்து மீண்டும் அதே 'டக்'. பணம் செலவாயிற்று, பழுதோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மாணவர்களே, பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி போன்றது. தொட்டி வறண்டு கிடந்தால், தொட்டியில் ஓட்டை உண்டா, நீரேற்றும் மோட்டார் ஓடுகிறதா, இடையிலுள்ள குழாய் அடைத்துக்கொண்டதா, யாரேனும் குழாயைத் திறந்துவிட்டுச் சென்றார்களா என்று பார்ப்போம் அல்லவா? மகிழுந்திலும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொள்வோம். இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் உருவாயின. அவற்றுள் பல இன்றும் உரிமையாளர்களின் கைப்பக்குவத்தால் ஓடுகின்றன. இக்காரின் மின்கருவிகளைச் செய்தளித்தது லூகாஸ் நிறுவனம். அந்நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்துடன் இணைந்து 1961-இல் தொடங்கியதே சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். ஆகும்.

எம்.ஜி.பி.யின் பேட்டரியைத் தேடுவோர் முதலில் திகைப்பர். அஃது எஞ்சினுக்கு அருகில் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னே, தரைக்குக் கீழே இருக்கிறது. 1974 வரை வந்த கார்களில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 12 வோல்ட் பெற்றனர். இரண்டில் ஒன்று நலிந்தாலும் இரண்டும் பயனற்றனவாகும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்த்தலே முறை. அங்கிருந்து ஒரு தடித்த கம்பி, காரின் அடிப்புறமாக முன்பக்கம் வரை செல்கிறது. சேறும் மழைநீரும் படும் வழி அது.

எஞ்சின் ஓடும்போது ஒரு வார்ப்பட்டை மின்னாக்கியைச் சுழற்றுகிறது. மின்னாக்கி தரும் மின்சாரம் பேட்டரியை நிரப்புகிறது. தொடக்கத்தில் டைனமோ என்னும் மின்னாக்கி இருந்தது. அது மிகுதியாகத் தந்தது 22 ஆம்பியர். 60 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு எரிந்தாலே 10 ஆம்பியர் வேண்டும். மழைத்துடைப்பானும் வெப்பக்காற்று விசிறியும் சேர்ந்தால் மிச்சம் சொற்பமே. மேலும், எஞ்சின் மெல்ல ஓடுகையில் டைனமோ ஏறத்தாழ ஒன்றும் தருவதில்லை. சாலைச் சந்திப்பில் நிற்கும்போது அதன் சிவப்பு விளக்கு மினுக்கினால் அஃது இயல்பே, பழுதன்று. 1967-இன் இறுதியில் டைனமோவுக்கு மாற்றாக ஆல்டர்னேட்டர் வந்தது. சிறிது காலத்தில் 34 ஆம்பியர் தரும் வகையும், மின்னழுத்தச் சீராக்கியைத் தன்னுள்ளேயே கொண்டதாய், இடம்பெற்றது. இனிச் சொல்வன இவ்வகை ஆல்டர்னேட்டரைப் பற்றியவை.

சோதனைக்கு மல்டிமீட்டர் என்னும் அளவி ஒன்று போதும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரியின் முனைகளில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டுதல் வேண்டும்; 12 வோல்ட்டே காட்டினால் அது பெரும்பாலும் வறண்டுவிட்டது. பின்னர் எஞ்சினை இயக்கி, சற்றே விரைவுபடுத்தி அளக்க வேண்டும். 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்றால் மின்னேற்றம் நிகழ்கிறது. 12.6-ஐவிடக் குறைந்துகொண்டே போனால் நிகழவில்லை. 15-ஐத் தாண்டினால் சீராக்கி கெட்டுவிட்டது. பேட்டரியின் நீர் கொதித்து வற்றும். இந்த இரண்டு அளவைகளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். புதிய பேட்டரி வாங்கக் கடைக்குச் சென்றுவர அதைவிட நெடுநேரம் ஆகும்!

மின்னேற்றம் இல்லையென்று தெரிந்தவுடன் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டா. முதலில் வார்ப்பட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். நீண்ட பகுதியின் நடுவில் அரை அங்குல அளவே தாழ வேண்டும். தளர்ந்திருந்தால் அது வழுக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போதுதான் இதனைச் செய்தல் வேண்டும்.

அடுத்து, முகப்புப் பலகையிலுள்ள சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் அஃது எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால், "எச்சரிக்கை விளக்குத்தானே, எரியாவிட்டால் நல்லதுதானே" என்று பலர் மகிழ்வர். இங்கேதான் பெரும்பிழை நேர்கிறது. கிராமத்துக் கைக்குழாயில் முதலில் ஒரு செம்பு நீரை மேலே ஊற்றினால்தான் நீர் ஏறும். ஆல்டர்னேட்டரும் அப்படியே. அதனுள் சுழலும் கம்பிச்சுருள் காந்தமானால்தான் மின்சாரம் பிறக்கும். காந்தமாவதற்கு முதலில் சிறிது மின்னோட்டம் வேண்டும். அச்சிறு மின்னோட்டம் பேட்டரியிலிருந்து இந்த விளக்கின் வழியாகவே செல்கிறது. மின்சாரம் பிறந்தபின் விளக்கின் இருபுறமும் மின்னழுத்தம் சமமாவதால் விளக்கு அணைகிறது. ஆகவே 2.2 வாட் அளவேயுள்ள குமிழ் உருகிவிட்டாலும், அதன் பழுப்பும் மஞ்சளும் கலந்த கம்பி அறுந்துவிட்டாலும், குறையற்ற ஆல்டர்னேட்டர் வாளாவிருக்கும். எஞ்சினை மிக விரைவாக ஓட்டினால் சில வேளை தானே விழித்துக்கொள்ளும்; அதனால் பழுது 'வந்து வந்து போகிறது' என்று உரிமையாளர் குழம்புவார்.

விளக்கும் பட்டையும் சரியாக இருந்தும் பேட்டரி நிரம்பவில்லையெனில், வழியைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓட, முகப்பு விளக்குகள் எரிய, அளவியின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ துருவோ தளர்வோ தடுக்கிறது. திரும்பும் வழி காரின் இரும்புடலே. பணிமனைகளில் இதனை 'எர்த்' என்பர். எஞ்சின் இரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனை உடலோடு இணைக்க ஒரு தனிப்பட்டை உண்டு. அஃது அற்றுப்போனால், தொடக்கி மோட்டாருக்குரிய பெருமின்னோட்டம் முடுக்கிக் கம்பி போன்ற மெல்லிய கம்பிகளில் புகுந்து அவற்றைப் புகைய வைக்கும்.

மின்னேற்றம் நன்றாக நிகழ்ந்தும் காலையில் பேட்டரி வறண்டிருந்தால், திறந்துவிட்ட குழாயைத் தேடுங்கள். எஞ்சின் நின்றிருக்க, அளவியை ஆம்பியரில் வைத்துப் பேட்டரியோடு தொடராக இணைத்து, மின்னுருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதனைக் கழற்றும்போது கசிவு நிற்கிறதோ அவ்வழியில் குறையுண்டு. எதற்கும் நிற்கவில்லையெனில் ஆல்டர்னேட்டரின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். அதிலுள்ள டையோடு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு. அது பழுதானால் இரவெல்லாம் மின்சாரம் பின்னோக்கி ஒழுகும். காலையில் குளிர்ந்திருக்க வேண்டிய ஆல்டர்னேட்டர் கைக்கு இளஞ்சூடாகத் தெரிவதும் உண்டு.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி இணைப்பைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, ஆகவே நலமே" என்று கூறும் பழக்கம் பணிமனைகளில் இன்னும் காணப்படுகிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அவ்வாறு செய்தால் நல்ல டையோடுகளும் ஒரு நொடியில் எரிந்துவிடக்கூடும். மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளி வெளிவருவதையும் மறத்தலாகாது. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இது பொருந்தும். பெரியவர் துணையின்றி எதனையும் தொடாதீர்கள்.

நாம் தொடக்கத்தில் கண்ட உரிமையாளர் அளவியை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது 12.1 வோல்ட். சாவியைத் திருப்பினார், சிவப்பு விளக்கு எரியவில்லை. குமிழைக் கழற்றினார், உள்ளிழை அறுந்திருந்தது. புதுக்குமிழைப் பொருத்திச் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது. அளவி 14.3 காட்டியது.