மாரடைப்பின்போது ரத்த அழுத்தம் ‘இயல்பு’ என்று காட்டினாலும் ஆபத்து உண்டு: இதயத் தசையில் நிகழ்வது என்ன?

நெஞ்சு வலி வந்தால் வீட்டிலுள்ள கருவியில் ரத்த அழுத்தத்தை அளப்பதும், அது 120/80 என்று காட்டினால் வாயுத் தொல்லைதான் என்று படுத்துவிடுவதும் பல வீடுகளில் காணும் வழக்கம். ஆனால், மாரடைப்பின்போது ரத்த அழுத்தம் உயரலாம், இயல்பாக இருக்கலாம், ஆபத்தான அளவுக்குச் சரியவும் செய்யலாம். எனவே, அந்த எண்ணைக் கொண்டு மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. இசிஜி பரிசோதனையும், ட்ரோபோனின் என்ற புரதத்தைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையும்தான் அதை உறுதி செய்யும்.

இதயம் தனக்கான ரத்தத்தைப் பெறுவது எப்படி?

இதயம் சுருங்கும்போது உடலின் மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஆனால், அந்தச் சுருக்கத்தில் இடது கீழறைத் தசைக்குள் செல்லும் ரத்தக் குழாய்களும் நசுக்கப்படுகின்றன. இதனால் அத்தசை தனக்கான ரத்தத்தின் பெரும்பகுதியை, விரிந்து ஓய்வெடுக்கும் இடைவெளியில்தான் பெறுகிறது. ரத்த அழுத்தத்தின் கீழ் எண் குறிப்பது இந்த ஓய்வு நிலை அழுத்தத்தையே. அது மிகவும் சரிந்தால் இதயத் தசைக்கே ரத்தம் குறையும்.

தன்னிடம் வரும் ரத்தத்திலிருந்து சுமார் 70 சதவீத ஆக்சிஜனை இதயத் தசை சாதாரண வேளையிலேயே எடுத்துக்கொள்கிறது. ஆகவே, தேவை கூடும்போது ரத்த ஓட்டம் அதிகரிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி அதிகம் இல்லை. ரத்தக் கட்டியால் குழாய் அடைபட்டால், ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அப்பகுதித் தசையின் சுருங்கும் ஆற்றல் குறையத் தொடங்குகிறது. அடைப்பு நீடித்தால் சுமார் 20 நிமிடங்களுக்குப் பின் செல்கள் மீட்க முடியாதபடி மடியத் தொடங்குகின்றன. இந்தச் சேதம் தசையின் உள் அடுக்கில் தொடங்கி, சில மணி நேரத்தில் வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது.

அழுத்தம் உயர்ந்தால்...

வலியும் அச்சமும் அட்ரினலின் சுரப்பைத் தூண்டுவதால் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் உயரலாம். அதிக அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளும்போது தசையின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. துடிப்பு வேகமெடுப்பதால் அது ரத்தம் பெறும் ஓய்வு இடைவெளியும் சுருங்குகிறது. அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மூளையில் ரத்தக் கசிவை ஏற்படுத்தும் அபாயம் அதிகம். எனவே, மருத்துவர்கள் முதலில் அழுத்தத்தைக் குறைக்க முயல்வார்கள்.

அழுத்தம் சரிந்தால்...

தசையின் பெரும்பகுதி செயலிழந்தால் ரத்தத்தை வெளியேற்றும் திறன் குறைந்து அழுத்தம் சரிகிறது. அதனால் எஞ்சிய நல்ல தசைக்கும் ரத்தம் குறைந்து, அதுவும் பலவீனமடைகிறது. இந்தச் சுழற்சியின் உச்சமே இதய அதிர்ச்சி நிலை. மேல் எண் 90-க்குக் கீழ் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதும், கை கால் சில்லிடுவதும், மனக்குழப்பமும், சிறுநீர் குறைவதும் இதன் அடையாளங்கள். மாரடைப்பு நோயாளிகளில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது ஏற்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உயிரிழக்கின்றனர். இந்த நிலையில் மருந்தால் அழுத்தத்தை உயர்த்துவது மட்டும் போதாது, அடைப்பை விரைந்து நீக்குவதே உயிர் காக்கும் என்பதை 1999-இல் வெளியான ‘ஷாக்’ ஆய்வின் 6 மாத முடிவுகள் காட்டின.

வழக்கமாக 160 இருப்பவருக்கு நெஞ்சு வலியின்போது 110 என்று காட்டினால், அது இயல்பு அல்ல. சரிவின் தொடக்கமாக இருக்கலாம்.

தாமாக மாத்திரை எடுக்கலாமா?

பிறருக்குத் தரப்பட்ட நைட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொள்வது ஆபத்தானது. அது ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும். இதயத்தின் வலது கீழறை பாதிக்கப்பட்டிருந்தால் அழுத்தம் திடீரென வீழ்ந்துவிடும். கடந்த 24 மணி நேரத்தில் சில்டனாஃபில் அல்லது 48 மணி நேரத்தில் டடாலஃபில் உட்கொண்டவர்களுக்கும் நைட்ரேட் கூடாது.

மருத்துவமனையிலும் இதில் நிதானம் தேவைப்படுகிறது. சீனாவில் 45,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘கமிட்’ ஆய்வின் முடிவுகள் 2005-இல் வெளியாயின. மாரடைப்பு ஏற்பட்டவுடன் மெட்டோப்ரோலால் மருந்தை ஊசி வழியாகத் தொடங்கியபோது மறு மாரடைப்பு குறைந்தாலும், இதய அதிர்ச்சி நிலை அதிகரித்தது. மொத்த உயிரிழப்பு குறையவில்லை.

செய்ய வேண்டியவை

* நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் சில நிமிடங்கள் நீடித்தால் 108 அல்லது 112 எண்ணை அழைக்கவும்.
* நீரிழிவு நோயாளிகள், பெண்கள், முதியோருக்கு வலியே இல்லாமல் சோர்வோ மூச்சுத் திணறலோ மட்டும் தோன்றலாம்.
* நடப்பதையும், தாமே வாகனம் ஓட்டிச் செல்வதையும் தவிர்க்கவும்.
* அழுத்த அளவைக் குறித்து வைக்கலாம். அதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம்.
* வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளின் விவரத்தை மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

உயர் ரத்த அழுத்தத்தை அன்றாட மாத்திரைகளால் கட்டுப்பாட்டில் வைப்பது மாரடைப்பின் வாய்ப்பைக் குறைக்கும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால், மாரடைப்பு தொடங்கிய பின் அழுத்தத்தை உயர்த்துவதா, குறைப்பதா என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.