காரணமின்றி ஒலித்த அபாயச் சங்குகள்

சுழற்காற்று முதலிய இடர்களைத் திறந்த வெளியில் உள்ளோருக்கு அறிவிக்கும் பொருட்டு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அபாயச் சங்குகள் நிறுவப்பட்டுள்ளன. 2017 ஏப்ரல் 7ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரின் 156 சங்குகளும் ஒருங்கே ஒலிக்கத் தொடங்கின. இடர் யாதும் நேரவில்லை. எனினும், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அவை மீண்டும் மீண்டும் ஒலித்தன. அமைப்பு முழுவதையும் நிறுத்திய பின்னரே அடங்கின.

இதற்குக் காரணம் யாது? இச்சங்குகள் வானொலி அலைகளால் இயக்கப்படுபவை. கட்டுப்பாட்டு நிலையம் அனுப்பும் குறியைக் கம்பத்திலுள்ள ஏற்பி உணர்ந்து சங்கை முடுக்குகிறது. அனுப்பியவர் யார் என்று ஆராயும் ஏற்பாடு அப்போது அதில் இருக்கவில்லை. ஆகவே, வெளியார் ஒருவர் அதே குறியைப் போலியாக அனுப்பியதும் சங்குகள் ஒலித்தன. பின்னர் அக்குறிகள் மறைகுறியாக மாற்றப்பட்டன.

அன்றிரவு அவசரத் தொலைபேசிக்கு 4,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் குவிந்தன. அதனால் மெய்யாகவே உதவி நாடியோரும் காத்திருக்க நேர்ந்தது. இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பொய்யொலி பலமுறை கேட்டோர் மெய்யொலியையும் பொருட்படுத்தார்.

ஆதலின் களப்பணியாளர் சோதனை ஒலிப்பை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். தவறு நேரின் காரணத்தை உடனே விளக்குதல் வேண்டும். சங்கொலி கேட்டதும் கட்டடத்துள் புகுந்து, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ செய்தியை அறிதலே முறை. விவரம் கேட்பதற்காக அவசரத் தொலைபேசியை அழைத்தலாகாது. இதனை ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்துவாராக.